காட்டுக்கு எந்தத் துவக்கு?

கைப்பிடியைக் கீழே இறக்கி மேலே ஏற்றிச் சுடும் துவக்கைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் சித்திரக்கதையில்தான் முதலில் கண்டார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் கையை விட்டுப் பிரியாத வின்செஸ்டர் அது. கொழும்பு மக்கலம் வீதிப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகளைத் தேடி வாங்கும் மாளிகாவத்தைப் பையன்களுக்கு அந்தப் பெயர் தண்ணீர்பட்ட பாடு. பஞ்சிகாவத்தையில் கியர் பெட்டி கழற்றிப் பூட்டும் தம்பி ஒருவர் அப்படியொரு இதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “நானா, இந்தக் கைப்பிடிய இழுத்தா உள்ளுக்கு என்னதான் நடக்குது? இவ்வளவு வசதியான சாமான் நம்மட காடுகளுக்கு ஏன் வரல்ல?”

இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவது இயந்திரவியல். இரண்டாவதில் பௌதிகவியலும் விலங்கின் உடலும் சேர்ந்து வருகின்றன. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால், இன்றைக்கு நமது கிழக்கிலும் வடமத்தியிலும் கால் வீங்கி நொண்டி அலையும் யானை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

வரவே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் காடுகளில் அந்தத் துவக்குக்குப் பேர்பெற்ற ஒரு கதை உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு கிடைத்தால் காட்டுக்குப் போய்விடுவார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் என்று அன்றைய சேலம் மாவட்டத்துக் காடுகள் அவருக்கு மனப்பாடம். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப் போன அனுபவங்களை எழுதினார். முதல் நூல் 1954இல் இலண்டனில் வெளிவந்தது. 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதும் கும்மளாபுரத்துச் சிறுத்தையின் கதை அதில்தான் இருக்கிறது. அவருடைய எழுத்து முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் துவக்கு .405 வின்செஸ்டர், மொடல் 1895. கைப்பிடியால் இயங்கும் லீவர் துவக்கு. அக்காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இலண்டனில் செய்வித்த இரட்டைக்குழல் ரைபிளையோ ஜேர்மன் மௌசர் வகையையோ தூக்கிக்கொண்டு திரிந்தபோது, இவர் கையில் இருந்தது அமெரிக்கத் தொழிற்சாலைச் சரக்கு. அது நல்ல தேர்வா? நல்ல தேர்வுதான் என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் பார்க்க, துவக்கின் வயிற்றைத் திறக்க வேண்டும்.

பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற அமெரிக்கர் 1860 ஒக்டோபரில் காப்புரிமை பெற்ற ரைபிளில் தொடங்கலாம். குழலுக்குக் கீழே, அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய குழாய். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்முனையிலிருந்து சுருள்வில் ஒன்று அவற்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். விசைக்குக் காவலாக விரல்களைச் சுற்றி வளைந்திருக்கும் இரும்பு வளையம்தான் கைப்பிடி. அதைக் கீழே தள்ளும்போது நான்கு காரியங்கள் ஒரே அசைவில் நடக்கின்றன. குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் அடைப்பான் பின்னுக்கு நகர்கிறது. அதன் நுனியிலுள்ள கொக்கி, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை விளிம்பில் பிடித்து இழுத்து வெளியே எறிகிறது. பின்னுக்கு வரும் அடைப்பான் சுத்தியலை மடக்கி, அடுத்த சூட்டுக்கு ஆயத்தமாக்குகிறது. அதே நேரத்தில் ஒரு தூக்கி புதிய தோட்டாவைக் குழல் மட்டத்துக்கு உயர்த்துகிறது. கைப்பிடியை மேலே இழுத்தால் அடைப்பான் முன்னே போய்ப் புதிய தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. துவக்கைத் தோளிலிருந்து இறக்கத் தேவையில்லை. கண்ணைக் குறியிலிருந்து எடுக்கவும் தேவையில்லை.

குழல் வாயில் மருந்து கொட்டி, ரவை போட்டு, கோலால் இடித்து, ஒரு வெடிக்கு அரை நிமிடம் செலவழித்த உலகத்தில் இது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1877இல் பிளெவ்னாவை முற்றுகையிட்ட ரஷ்யப் படை, துருக்கியரின் வின்செஸ்டர்களுக்கு முன்னால் பட்ட பாடு ஐரோப்பியத் தளபதிகளை உலுக்கியது.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. தோட்டா வெடிக்கும்போது வாயு ரவையை முன்னே தள்ளுவதைப் போலவே அடைப்பானைப் பின்னே தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதிக்கு யாரும் தப்ப முடியாது. ஹென்றியின் ரைபிளிலும், அதைத் தொடர்ந்த வின்செஸ்டர் 1866, 1873 ஆகியவற்றிலும் அடைப்பானைத் தாங்கி நின்றவை மூட்டுப் போட்ட இரண்டு இரும்புத் துண்டுகள். நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் உடம்பு முழுவதையும் சுமக்கிறது, சற்று மடங்கிவிட்டால் சுமக்க முடியாது, அதே கணக்கு. துண்டுகள் நேர்கோட்டில் நிற்கும்வரை தாங்கும். ஆனால் சுமை முழுவதும் சிறிய ஊசிகளின் மேல் விழுகிறது. அந்த ஊசிகள் தேய்ந்தால் அடைப்பானுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் வெடிக்கும்போது பித்தளைக் கூடு பின்னுக்கு இழுபட்டுக் கிழியும். உதிரிப்பாகம் பார்த்துப் பழகிய பஞ்சிகாவத்தைக் கைகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

அதனால் அந்த ரைபிள்களுக்குக் குறைந்த வலுத் தோட்டாக்களே ஏற்றவை. 1873இன் .44-40 தோட்டாவில் இரண்டரைக் கிராமுக்குச் சற்று அதிகமான கருமருந்து. 13 கிராம் ரவை செக்கனுக்கு ஏறத்தாழ 380 மீற்றர் வேகத்தில் கிளம்பும். இயக்கசக்தி 940 யூல் அளவில். மனிதனையும் சிறு மானையும் வீழ்த்த அது போதும். மரையை, காட்டெருமையை, புலியை நினைத்தால் அது போதாது. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் பெருவிலங்கு வேட்டைக்காரர்கள் லீவர் துவக்கை அந்தக் காலத்தில் ஏறெடுத்தும் பார்க்காததில் வியப்பில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜோன் பிறவுணிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒக்டன் என்ற சிற்றூரில் தகப்பனின் துவக்குப் பட்டறையில் வளர்ந்தவர். மூட்டுத் துண்டுகளை அவர் தூக்கி எறிந்தார். அவருடைய 1886 மொடலில் கைப்பிடி மேலே ஏறும்போது இரண்டு தடித்த எஃகுத் துண்டுகள் செங்குத்தாக எழுந்து, அடைப்பானின் இரு பக்கத்துக் காடிகளிலும் சட்டத்தின் காடிகளிலும் ஒருசேரப் பொருந்திக்கொள்கின்றன. பின்னோக்கிய விசை ஊசியில் விழாமல் எஃகின் முழுத் தடிப்பிலும் விழுகிறது. 1894 மொடலில் ஒரே துண்டு போதும் என்றாக்கினார். மறுவருடம் அதற்கு .30-30 என்ற புகையில்லா மருந்துத் தோட்டா வந்தது. உலகத்திலேயே மிக அதிகம் விற்ற வேட்டை ரைபிள்களில் ஒன்று அது. 70 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது.

புகையில்லா மருந்து என்ன செய்தது என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. .30-30 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 2,800 மடங்களவு. தோட்டாவின் உட்குறுக்குவெட்டால் பெருக்கிப் பார்த்தால், அடைப்பானின் முகத்தில் கிட்டத்தட்ட இரண்டு தொன் சுமை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு விழுகிறது. 11 கிராம் ரவை செக்கனுக்கு 670 மீற்றர் வேகத்தில் போகிறது. 2,400 யூலுக்கும் மேல். பழைய .44-40இன் ரவையைவிட எடை குறைவு, சக்தியோ இரண்டரை மடங்கு. சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுகிறது என்று சாதாரண தரத்துக்குப் படித்த அதே சமன்பாடுதான்.

ஆனாலும் குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருப்பதில் இன்னொரு தொல்லை ஒளிந்திருக்கிறது. ஒரு தோட்டாவின் ரவை நுனி, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிட்டத்து எரிமூட்டியில் முட்டி நிற்கும். நுனி கூராக இருந்தால், சுடும்போது வரும் உதைப்பில் அது எரிமூட்டியைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டாக்கள் வெடிக்கலாம். அதனால் இந்த ரைபிள்களுக்கு மொட்டை நுனி ரவைதான். மொட்டை நுனி காற்றைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு போவதால் 150 மீற்றர் தாண்டும்போது வேகம் நிறையச் சரிந்துவிடுகிறது. திறந்த வெளியில் இது பெரிய குறை. அடர்ந்த காட்டில் 50 மீற்றரே தொலைவு என்னும்போது குறையே அல்ல. எந்தத் துவக்கையும் காட்டின் அடர்த்தியைக் கேட்காமல் எடைபோடக் கூடாது.

ஆண்டர்சனின் 1895 மொடல் அந்தக் குழாயையும் விட்டொழித்தது. பிறவுணிங் தோட்டாக்களைக் கைப்பிடிக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். கூர்நுனி ரவையும் போடலாம், நீளத் தோட்டாவும் போடலாம். ரஷ்யப் பேரரசு முதல் உலகப்போரில் தன்னுடைய இராணுவத் தோட்டாவுக்கு ஏற்ற 1895களைத்தான் வின்செஸ்டரிடம் வாங்கியது. மொத்தம் செய்யப்பட்ட ஏறத்தாழ 4,26,000இல் 2,93,000க்கும் மேல் ரஷ்யாவுக்கே போய்விட்டன. 1904இல் இதற்கென்றே .405 தோட்டா வந்தது. ரவை 19.4 கிராம், வேகம் செக்கனுக்கு 670 மீற்றர், சக்தி 4,300 யூலுக்கு மேல். பெட்டிக்குள் நான்கு தோட்டா. தியடோர் ரூஸ்வெல்ட் பதவியிலிருந்து இறங்கிய கையோடு 1909இல் கிழக்காபிரிக்காவுக்குப் போனபோது மூன்று விதமான ரைபிள்களைக் கொண்டு போனார்: அமெரிக்க இராணுவத்தின் போல்ட் ரைபிள் (பக்கப் பிடியைத் திருப்பி இழுத்து அடைப்பானை இயக்குவது), இலண்டன் ஹொலண்டு நிறுவனத்தின் இரட்டைக்குழல், இந்த .405. சிங்கத்துக்கு அவர் நம்பியது .405ஐ. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் இரட்டைக்குழலை எடுத்தார். அந்தப் பிரிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள 1840களின் இலங்கை வரைக்கும் போய்வர வேண்டும்.

சாமுவேல் பேக்கர் 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர். யானை வேட்டை அன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கு. மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாக, அன்று இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அரசாங்கமே யானைக்குத் தலைவிலை கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகவும் டெனன்ட் கணக்குத் தருகிறார். அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தபின் அந்தக் கால வேட்டைக் கதைகளை ரசித்துப் படிப்பது கடினம். ஆனால் பேக்கரின் குறிப்புகளில் பௌதிகவியல் இருக்கிறது. அதை விட்டுவிடவும் முடியாது.

பிறிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸ் என்ற துவக்குக்காரரிடம் அவர் 1840இல் செய்வித்த ரைபிள் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. 36 அங்குலக் குழல். குழலுக்குள் இரண்டே சுருள் காடிகள். மூன்று அவுன்ஸ் உருண்டை ரவை, அல்லது நான்கு அவுன்ஸ் கூம்பு ரவை. ஒரு வெடிக்கு 16 டிராம் கருமருந்து, 28 கிராம். நான்கு அவுன்ஸ் என்பது 113 கிராம் ஈயம். அது செக்கனுக்கு 400 மீற்றர் வேகத்தில் போனது என்று வைத்துக்கொண்டால் உந்தம் 45 அலகு; .405இன் உந்தம் 13தான். அந்த 45ம் மருந்தின் வாயுவும் சேர்ந்து தோளில் திரும்பி அடிக்கும். ஒன்பதரைக் கிலோ எடை இல்லாவிட்டால் சுடுகிறவரின் தோள் எலும்பு போய்விடும்.

இவ்வளவு பாரம் எதற்கு? யானையின் மூளை பெரிய தலையின் பின்பக்கத்தில், ஆழத்தில், ஐந்து கிலோ அளவில் இருக்கிறது. அதற்கும் நெற்றிக்கும் நடுவில் காற்றறைகள் நிறைந்த எலும்பு பல அங்குலத் தடிப்புக்கு நிற்கிறது. ரவை அதைத் துளைத்துக்கொண்டு நேராகப் போக வேண்டும். நசுங்கி விரியக் கூடாது, வளையவும் கூடாது. அதனால்தான் அக்காலத்தவர் ஈயத்தில் வெள்ளீயமும் பாதரசமும் கலந்து இறுக்கினார்கள்.

எவ்வளவு ஆழம் போகும் என்பதைச் சக்தி மட்டும் முடிவு செய்வதில்லை. ரவையின் திணிவை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் முகத்துக்கும் பின்னால் எத்தனை கிராம் தள்ளிக்கொண்டு வருகிறது என்று தெரியும். பேக்கரின் கூம்பு ரவைக்கு அது 24 கிராம் அளவில். .405க்கு 22 அல்லது 23 கிராம். ஆறில் ஒரு பங்கு எடையுள்ள ரவை, மெலிந்து நீண்டிருப்பதால், ஏறத்தாழ அதே அடர்த்தியோடு முட்டுகிறது. வேகமோ ஒன்றரை மடங்குக்கு மேல். ஒன்பதரைக் கிலோவைச் சுமந்து செய்த வேலையில் பெரும்பங்கை நான்கு கிலோகூட இல்லாத ரைபிள் செய்யத் தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலான உலோகவியலும் இரசாயனமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. ஆனால் .405 ரவை பெரும்பாலும் மெதுநுனி. இறைச்சிக்குள் போனதும் காளானாக விரியும்படி செய்யப்பட்டது. புலியின் தோளிலோ சிங்கத்தின் நெஞ்சிலோ அந்த விரிவுதான் விலங்கை உடனே வீழ்த்துகிறது. யானையின் மண்டையோட்டில் அதே விரிவு ரவையைப் பாதி வழியில் நிறுத்திவிடும். யானைக்கென்று செய்த .470 போன்ற இலண்டன் இரட்டைக்குழல்களின் ரவை 32 கிராம், சதுர சென்ரிமீற்றருக்கு 28 கிராம், செம்பு நிக்கல் கவசம் முழுவதும் மூடியது. ரூஸ்வெல்ட் யானைக்கு வேறு துவக்கு எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த .470 பிறந்ததிலும் நமது பக்கத்து அரசியல் இருக்கிறது. பிரித்தானியப் பேரரசுப் படைகள் 1871 முதல் தூக்கிய மார்ட்டினி-ஹென்றியும் கைப்பிடி இறக்கிச் சுடும் ரைபிள்தான். ஆனால் சேமிப்புக் குழாய் இல்லை, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட வேண்டும். அதன் குழல் .450 அங்குலம். அந்த ரைபிள்கள் எல்லைப்புறக் கிளர்ச்சியாளர்கள் கையிலும் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. அவர்களுக்கு ரவை கிடைக்கக் கூடாது என்று 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அரசு இந்தியாவுக்கு .450 அளவுச் சரக்கு வருவதையே தடை செய்தது. இலண்டன் துவக்குக்காரர்கள் வேறு வழியில்லாமல் .465, .470 என்று புதிய அளவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

இனி ஆண்டர்சனின் தேர்வுக்கு வருவோம். இரட்டைக்குழல் கையால் செய்யப்படுவது. இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி இழைத்து இழைத்துப் பொருத்துவதற்கே மாதங்கள் ஆகும். விலை ஒரு சம்பளக்காரருக்கு எட்டாது. இரண்டு வெடி உடனே தரும், மூன்றாவதுக்குத் துவக்கை முறித்துத் தோட்டா போட வேண்டும். வட இந்தியாவின் ஆட்கொல்லி வேட்டைக்காரர் ஜிம் கோர்பெட் 1907இல் சம்பாவத் பெண்புலியைத் துரத்தியபோது அவர் கையில் இருந்தது .500 இரட்டைக்குழல், கொண்டு போயிருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகும் புலி விழவில்லை. உடன் வந்த தாசில்தாரின் பழைய துவக்கை ஓடிப்போய் வாங்கி வரவேண்டியிருந்தது. அந்தக் கணத்தில் .405இன் நான்காவது தோட்டா என்ன பெறுமதி என்று யோசியுங்கள்.

போல்ட் ரைபிளோ அடைப்பானை முன்பக்கத்திலேயே, தோட்டாவுக்கு ஒட்டிப் பூட்டுகிறது. அதனால் அது இன்னும் உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கும்; .30-06 போன்ற தோட்டாவில் அது வளிமண்டலத்தின் 4,000 மடங்கு. வெப்ப நாட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சூட்டில் கிடந்த தோட்டாவின் மருந்து வேகமாக எரிந்து அமுக்கம் கூடும். வீங்கிய பித்தளைக் கூடு அறைச் சுவரில் இறுகிவிடும். போல்டின் பிடியை மேலே திருப்பும்போதே அதன் சாய்ந்த விளிம்பு கூட்டை மெல்ல நெம்பிக் கழற்றிவிடுகிறது. பெரும்பாலான லீவர்களில் அந்த முதல் நெம்பு பலவீனம், நேராக இழுப்புத்தான். போவர் போரில் மௌசர் போல்ட் ரைபிள்கள் பிரித்தானியப் படையைத் திணறடித்தன. அந்தப் போரின் கைதிகளை 1900 முதல் தியத்தலாவையில் அடைத்து வைத்தார்கள். முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்ட ஏங்கெல்பிரெக்ட் என்ற போவர், பிறகு யால காட்டின் முதற் காவலரானார். வேட்டைத் துவக்கின் வரலாறும் காவலின் வரலாறும் ஒருவரிலேயே சந்திப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் ஆண்டர்சன் செய்த காரியத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். இரவு, பரணுக்கு மேல், குழலில் கட்டிய டோர்ச் வெளிச்சத்தில், இருபது முப்பது மீற்றருக்குள் ஒரு சிறுத்தை. முதல் வெடி சற்றுத் தவறினால் அடுத்த வெடி அதே மூச்சில் வேண்டும். போல்டைத் திருப்ப வலக்கையை விசையிலிருந்து முற்றாக எடுத்து, முகத்துக்கு முன்னாலேயே இரும்பை இழுத்துத் தள்ள வேண்டும். லீவரில் விரல்கள் வளையத்துக்குள்ளேயே இருக்கின்றன. இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் ஒன்றுதான். நீண்ட தூரம் சுடத் தேவையே இல்லாத காட்டில் போல்டின் பெரும்பலம் பயன்படுவதில்லை. லீவரின் பலவீனங்களும் வெளித்தெரிவதில்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் 4,300 யூல் மிகுதியாகவே போதும். யானை என்று வந்தால் நான் அதைக் கையில் எடுக்கச் சொல்ல மாட்டேன். மற்றபடி அந்தக் காட்டுக்கு, அந்த வேலைக்கு, அந்த வருமானத்துக்கு 1895 சரியான துவக்கு.

இன்றைக்கு அந்தத் தேர்வை யாரும் செய்ய வேண்டிய அவசியமில்லை, அது நல்லதுதான். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. ஆண்டர்சன் நடந்த காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், இன்னொரு பகுதி 2022இல் காவேரி தெற்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டன. இலங்கையில் 1894இல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் வேட்டைக்காரர்களே முன்னின்றார்கள். 1937இல் விலங்கினத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துவக்கு வைத்திருக்க 1916ஆம் வருடச் சுடுகலச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும்.

ஆனால் ரவை எவ்வளவு ஆழம் போகிறது என்ற கேள்வி முடியவில்லை. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது. அதன் வாயின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்ததைக் கோர்பெட் பார்த்தார். பழைய துவக்குக் காயம். பல் போனதால் மானைப் பிடிக்க முடியாமல் மனிதனிடம் வந்தது. யாரோ ஒருவர் போதாத துவக்கால், போதாத இடத்தில் சுட்ட ஒரு வெடிக்கு 436 உயிர். ஆண்டர்சனும் கிராமத்து நாட்டுத் துவக்குகள் காயப்படுத்தி அனுப்பும் விலங்குகளைப் பற்றிக் கவலையோடு எழுதினார். நமது புணானைச் சிறுத்தை மட்டக்களப்புப் பக்கத்தில் குறைந்தது 12 பேரைக் கொன்று, 1924இல் கப்டன் ஷெல்டன் ஏகரால் சுடப்பட்டது. பாடம் செய்த அதன் உடலைக் கொழும்பு நூதனசாலையில் பார்க்கலாம்.

இப்போது கிழக்கிலும் வடமத்தியிலும் ஊவாவிலும் வயலோரக் காடுகளுக்குள் கட்டுத்துவக்கு இருக்கிறது. தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த குழல், மரத்தில் கட்டிய கட்டை, பாதைக்குக் குறுக்காக ஒரு கம்பி. ஆள் வேண்டாம், கம்பியில் இடறுகிற எதையும் அது சுடும். காட்டுப்பன்றியை நினைத்து வைப்பதால், பன்றியின் நெஞ்சு மட்டத்தில், அதாவது நமது முழங்கால் உயரத்தில் கட்டுவார்கள். உள்ளே ஈயத்துண்டோ இரும்புத்துண்டோ எது அகப்படுகிறதோ அது. ஏழு மில்லிமீற்றர் ஈய உருண்டைக்கு அந்தப் பழைய கணக்கைப் போட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு ஐந்து கிராம் வருகிறது. இரும்பு ஈயத்தைவிட இலேசானதால் இன்னும் குறையும். .405இல் நாலில் ஒரு பங்குகூட இல்லை. காடி இல்லாத குழலில் உருண்டையல்லாத துண்டு புரண்டு புரண்டு போகும். சிறிது தூரத்திலேயே வேகத்தை இழக்கும். பன்றியைக் கொல்ல அது போதும். சிறுத்தையின் வயிற்றில் பட்டால் நாட்கணக்கில் சாகும். யானைக்கு அந்த உயரத்தில் இருப்பது கால். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தோலைத் தாண்டி மூட்டில் போய் நிற்கும் துண்டு யானையைக் கொல்லாது. சீழ் வைக்கும், எலும்பு அழுகும். மூன்று நான்கு தொன் உடம்பை மூன்று காலில் சுமந்துகொண்டு அது தண்ணீருக்கு நடக்க வேண்டும். வனவிலங்குத் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் மயக்க ஊசி போட்டு மருந்து கட்டுகிறார்கள். மூட்டு போன யானைக்கு அதற்கு மேல் அதிகம் செய்ய முடிவதில்லை.

2011 கணக்கெடுப்பில் நமது நாட்டில் 5,879 யானைகள். 2023இல் மட்டும் 470க்கும் மேல் இறந்தன. துவக்குச் சூடு, உணவுக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ், வேலியில் இழுத்த களவு மின்சாரம் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கட்டுத்துவக்கு வைக்கிறவரைப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டு போவது வேண்டியதுதான். ஆனால் ஒரு போகத்தைப் பன்றிக்கும் யானைக்கும் கொடுத்துவிட்டு நிற்கும் விவசாயிக்கு இழப்பீடு அடுத்த போகத்துக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். ஊரைச் சுற்றிய மின்வேலியைப் பழுதுபார்க்க ஊருக்குள்ளேயே ஆளும் பணமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்த ஊர்களில் குழாய்த் துண்டைத் துவக்காக்கும் தேவை தானாகவே குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.